குளிசையும் லொறிச் சாவியும்

"போதையில் வாகனம் ஓட்டுவது பற்றிய சட்டம் குடிகாரர்களுக்குத்தானே? நமது சாரதி அந்தப் பக்கமே போகாதவர்" என்று கட்டுகஸ்தோட்டை வியாபாரிகள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. இந்த எண்ணம் பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, மதுவோடு 'டிரக்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே தூக்கத்துக்கும் கடும் வலிக்கும் தரப்படும் குளிசைகள் இதில் வராது என்று நினைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. இந்தக் குற்றத்துக்கான ஆகக்குறைந்த தண்டப்பணம் 2019இல் 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சாரதி அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படலாம்.

விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் விடயம் இன்னும் பாரதூரமானது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். தூக்கம் வரும் என்று தெரிந்தே ஓட்டியவருக்கு, வைத்தியர் எழுதிய துண்டு கையில் இருப்பது மட்டும் கவசமாகாது.

வெளிநாட்டு வழக்குகள் இரண்டைப் பாருங்கள். கோல்ப் வீரர் டைகர் வூட்ஸ் 2017 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் காருக்குள் தூங்கிய நிலையில் பிடிபட்டார். சுவாசப் பரிசோதனையில் மது பூச்சியம். ஆனால் வலி மருந்தும் தூக்க மருந்தும் உடலில் இருந்தன. பொறுப்பற்று வாகனம் ஓட்டியதாக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. மற்றவர் கெனடி குடும்பத்தைச் சேர்ந்த கெரி கெனடி. 2012இல் தைரொயிட் குளிசை என எண்ணி, தவறுதலாகத் தூக்கக் குளிசையை விழுங்கிவிட்டு ஓட்டியதாகச் சொன்னார். 2014இல் ஜூரிகள் அவரை விடுதலை செய்தனர். தெரிந்து ஓட்டினாரா, தெரியாமல் ஓட்டினாரா என்பதே அந்த வழக்கின் உயிர்நாடி.

இங்கிலாந்தில் 2015 மார்ச் முதல் டயஸிபாம், மோர்பின் போன்ற மருந்துகளுக்கு இரத்தத்தில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று அளவே வைத்துவிட்டார்கள். வைத்தியர் சொன்னபடி குடித்தவருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஓட்டும் திறன் குன்றியிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இனி முதலாளிமாரின் பங்கு. சாரதி உங்கள் வேலையாக ஓடும்போது கவனயீனமாக விபத்து நடந்தால், நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கு உங்கள் பெயருக்கும் வரும். மது அல்லது மருந்தின் பாதிப்பில் ஓட்டினால் பணம் தரமாட்டோம் என்ற நிபந்தனை மோட்டார் காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக இருப்பது. உங்கள் பத்திரத்தை இன்றே எடுத்து அந்தப் பந்தியை வாசியுங்கள்.

இரவு ஒன்பது மணிக்குத் தடிமனுக்குப் பிரிட்டோன் குளிசை குடித்த சாரதி, இரண்டு மணிக்கு ஏ9 வீதியால் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணித்தியாலத்தில் அந்த மருந்து உடலை விட்டுப் போய்விடாது. இருமல் பாணி, ஒவ்வாமைக் குளிசை, மன அழுத்தக் குளிசை, தசைப்பிடிப்புக் குளிசை ஆகியவற்றிலும் தூக்கம் தருபவை உண்டு.

எனவே மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன். முதலாவது, மருந்து வாங்கும்போது "நான் வாகனம் ஓட்டுபவன், இது தூக்கம் தருமா?" என்று வைத்தியரிடமோ பார்மசியிலோ கேட்க வேண்டும். இரண்டாவது, புதிய மருந்து தொடங்கிய நாட்களிலும் அளவு கூட்டிய நாட்களிலும் நீண்ட பயணம் வேண்டாம். மூன்றாவது, சாவி கொடுக்குமுன் "உடம்புக்கு எப்படி? மருந்து ஏதும் குடித்தீரா?" என்று சாரதியிடம் கேளுங்கள். உண்மை சொன்னவரின் அன்றைய சம்பளத்தை வெட்டாதீர்கள். வெட்டினால் அடுத்த முறை அவர் மறைத்துவிடுவார்.

மருந்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். சாவியை அன்று வேறொருவர் கையில் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு நாள் லொறி நிற்பதால் வரும் நட்டத்தை அடுத்த வாரம் சரிக்கட்டலாம். வீதியில் போன உயிருக்கு எந்தக் கணக்கிலும் ஈடு கிடையாது.