மூணாவது ஸ்ட்ரைக்கிலும் ஓடலாம்!

பேஸ்பாலில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். ஆனால் மூன்றாவது பந்தை, நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் நிற்கும் கேட்சர் தரையில் படாமல் பிடிக்க வேண்டும். தவறவிட்டால், முதல் பேஸ் காலியாகவோ ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்டாகியோ இருந்தால், பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம்.

1941 உலகத் தொடர், 4-வது ஆட்டம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் 4-3 முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட். யாங்கீஸ் வீரர் டாமி ஹென்ரிக் மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு பேட்டை வீசினார், படவில்லை. ஆட்டம் முடிஞ்சதுன்னு நினைக்கும்போதே கேட்சர் மிக்கி ஓவன் பந்தை விட்டுவிட்டார். ஹென்ரிக் ஓடிப் பிழைத்தார். யாங்கீஸ் 7-4 என ஜெயித்தது.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கணக்கில் இரண்டு தடவை அரியர். "வேலைக்குப் போடா" என்கிறார் அப்பா. மூணாவது தடவையும் ஓடிப் பார்த்துடறேன்னு சொல்லியிருக்கேன்.