தென்னை அடியில் கசியும் செந்நீர்

ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையோரம் எங்கள் தோப்பு. இரண்டு தென்னைகளின் அடியில் செம்பழுப்பு நீர் கசிகிறது. அடிமட்டைகள் தொங்குகின்றன. வெட்டிவிடட்டுமா?
- வாசகர், ராஜபாளையம்

அவசரப்படாதீர்கள். குருத்து பசுமையாக இருந்தால் மரத்தைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தரையை ஒட்டிக் கசிவு தொடங்கி மேலேறுகிறது, மட்டையும் தொங்குகிறது என்றால் அது பெரும்பாலும் கானோடெர்மா பூஞ்சையால் வரும் அடித்தண்டழுகல். 1952-ல் புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் தலைகாட்டியதால் 'தஞ்சாவூர் வாடல்' என்ற பெயரும் உண்டு. மரத்தடியில் காளான் முளைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது தெரியும்போது வேர் பெரும்பாலும் அழுகிப்போயிருக்கும்.

இந்தப் பூஞ்சை வேரோடு வேர் தொட்டுப் பரவும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.கே.பக்ஷி போன்றவர்கள் காட்டு மரங்களின் வேரழுகலை ஆராய்ந்து வலியுறுத்தியதும் இதைத்தான். ஆகவே முதல் வேலை, நோய் கண்ட மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு அகழி வெட்டுவது. அந்த மரத்துப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடவே கூடாது. உழவும் வேண்டாம், வேர் காயப்படும்.

பிறகு 1 சதவீத போர்டோ கலவை, மரத்துக்கு 40 லிட்டர், தூரைச் சுற்றி மண் நனைய ஊற்றுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. வருடத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும் வையுங்கள். நல்ல மரங்களுக்கும் சேர்த்தே.

குருத்தே சாய்ந்த மரம் பிழைக்காது. அதைத் தூரோடும் வேரோடும் தோண்டி எரித்துவிடுங்கள். பக்கத்துத் தோப்புக்காரரிடமும் இன்றே சொல்லுங்கள்.