இரைப்பைப் புற்றுநோய்: ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்கும் முன்

பசறை, லுணுகலை, மடுல்சீமை எந்தத் தோட்டமானாலும் சரி, இரைப்பையில் புற்றுநோய் என்று பதுளை பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டால் லயத்தில் எழும் முதல் கேள்வி, "வயித்தக் கிழிப்பாங்களா, ஓட்டை போட்டு எடுப்பாங்களா?" கடைசியாகக் கேட்கவேண்டியது அது.

முதலில், நோய் எதுவரை போயிருக்கிறது என்று கேளுங்கள். கெமரா விட்டு எடுத்த சதைத்துண்டின் ரிப்போர்ட்டும் சீ.டீ. ஸ்கேனும் கையில் இருக்கவேண்டும். வயிற்றின் உள்ளுறையில் தூவிக் கிடக்கும் சின்னக் கட்டிகள் ஸ்கேனுக்குத் தப்பிவிடும். அதனால் சிலருக்குத் துளைவழியே உள்ளே பார்த்த பிறகுதான் முடிவெடுப்பார்கள். உள்ளுறைக்கோ ஈரலுக்கோ பரவியிருந்தால், இரைப்பையை எடுப்பதால் பொதுவாக ஆயுள் கூடாது, மருந்தேற்றல்தான் வழி. பரவாமல் சுவருக்குள் ஆழ இறங்கிய கட்டிக்கு ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் மருந்தேற்றுவது வழக்கம். இழுத்தடிக்கிறார்கள் என்று கோபிக்கவேண்டாம். அந்த வாரங்களில் பீடி, சிகரெட்டை நிறுத்தி, இரத்தச்சோகைக்கு வைத்தியம் செய்து, முட்டையும் பருப்புமாக உடம்பைத் தேற்றுங்கள்.

அடுத்து, எவ்வளவு எடுப்பார்கள்? கட்டி கீழ்ப்பாகத்தில் இருந்தால் மேற்பாகத்தை மிச்சம் வைக்கலாம். மேலே இருந்தாலோ, சுவர் முழுக்கப் பரவியிருந்தாலோ, பெரும்பாலும் முழு இரைப்பையும் போகும். 1881இல் வியன்னாவில் பில்ரோத் என்ற சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு பெண்ணின் இரைப்பையில் கட்டியிருந்த கீழ்ப்பாகத்தை வெட்டியெடுத்தார். அந்தப் பெண் ஒப்பரேஷனில் பிழைத்தும் நோய் திரும்பிச் சில மாதங்களில் இறந்தார். அப்படி நோய் திரும்புவதைக் குறைக்கத்தான் இன்று சுற்றியுள்ள நிணக்கணுக்களையும் சேர்த்து எடுக்கிறார்கள். குறைந்தது 16 கணுக்களையாவது சோதிக்கவேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். "கணுவெல்லாம் சேத்து எடுப்பீங்களா டொக்டர்? இந்த ஒப்பரேஷன் இங்க அடிக்கடி செய்றீங்களா?" என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. கண்டிக்கோ மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ அனுப்பினால் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் இலவசம். பஸ் செலவு, தங்குமிடம், துணைக்குப் போகிறவருக்கு பேர் விழாமல் போகும் நாட்கூலி, இவற்றுக்குத்தான் காசு தேடவேண்டும்.

இனி அந்த ஓட்டைக் கேள்வி. கொரியாவிலும் சீனாவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், பழகிய கைகள் செய்தபோது திறந்த முறையிலும் துளை முறையிலும் உயிர்பிழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். துளை முறையில் வலி குறைவு, காயமும் சிறியது. ஆனால் உங்கள் டொக்டர் திறந்த முறையில்தான் தேர்ந்தவர் என்றால் நான் அதற்கே சம்மதிப்பேன்.

சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், இல்லை இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

வீடு திரும்பியபின் ஒரே மூச்சில் சோறு உண்ணமுடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. சீனி நிறையப் போட்ட சாயத்தண்ணி குடித்தால் வியர்த்துத் தலைசுற்றலாம். கொழுந்துக்கூடை சுமக்க எப்போது போகலாம் என்று டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். முழு இரைப்பையும் எடுத்திருந்தால் ஆயுள் முழுக்க பி12 ஊசி தேவை. தோட்ட டிஸ்பென்சரியிலேயே அதைப் போடமுடியுமா என்று டிக்கட் வெட்டும் அன்றே கேட்டு, கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.