முதல் தோசையை வெறுமையாக ஊற்று

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பம்பாய்ச் செம்பூரில் உன் வண்டி முன்னால் ஒரு பெரியவர் நின்று, நீ கொடுத்த பீட்சா தோசையை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் திருப்பி வைத்து, "இதுக்குப் பேர் தோசையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டதை எழுதியிருந்தாய். அன்றைக்குச் சாயங்காலமே காலேஜ் பிள்ளைகள் அதே தோசைக்கு வரிசையில் நின்றதையும் எழுதியிருந்தாய். யார் சொல்வது சரி, சீஸை விட்டுவிடட்டுமா என்று கேட்கிறாய். முப்பது வருஷம் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தோசைக்கல் முன்னால் நின்றவன் நான். உன்னைப் போல வண்டி போட்டிருக்கும் மற்ற தம்பிகளும் படிக்கட்டும் என்று பத்திரிகை வழியாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெரியவர் மேல் கோபம் வேண்டாம். தாராவியில் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் ஆட்கள் வந்து சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் பேச்சு மாறியது, உடுப்பு மாறியது, பிள்ளைகளின் படிப்பு மராத்திக்கும் இங்கிலீஷுக்கும் போனது. மாறாமல் கைவசம் நின்றது ஆட்டிய மாவும் அவித்த இட்லியும்தான். விடியுமுன் அவித்து, பெரிய பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு நம் ஆட்கள் கொண்டுபோன இட்லியில்தான் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குக் காலைப்பொழுது தொடங்கியது. அப்படி வளர்ந்தவருக்குத் தோசை வெறும் பலகாரம் இல்லை, ஊரே அதுதான். அதில் யாராவது கை வைத்தால் அவருக்குச் சுடத்தான் செய்யும்.

ஆனால் இந்தச் சண்டை உன் வண்டியில் தொடங்கியது இல்லை. மாட்டுங்காவில் கஃபே மெட்ராஸ் 1940இல் திறந்தது. பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் நடத்துகிறவர்கள் கர்நாடகக் கடற்கரைக்காரர்கள். ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இல் வந்தது. உடுப்பிப் பக்குவத்தில் சாம்பாருக்கு வெல்லம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், "சாம்பாரா பாயசமா?" என்று நம் ஆட்கள் முகம் சுளித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்து நிற்பது அதே சாம்பாருக்குத்தான்.

மைசூர் மசாலாவை எடுத்துக்கொள். மைசூரில் அது சிவப்புச் சட்னியை மெல்லத் தடவி உருளைக்கிழங்கு வைத்து மடித்த தோசை. பம்பாய்த் தெருவிலோ கல்லின் மேலேயே வெண்ணெய், கிழங்கு, வெங்காயம், தக்காளி, பீட்ரூட் எல்லாவற்றையும் போட்டு, பாவ் பாஜிக்கு மசிப்பது மாதிரி மசித்துத் தேய்க்கிறார்கள். மைசூர்க்காரர் வந்து பார்த்தால் தன் ஊர்ப் பெயரை அதில் அடையாளம் காணமாட்டார். "அண்ணா, ஏக் மைசூர்!" என்று கேட்கிற பம்பாய்க்காரருக்கோ அதுதான் மைசூர். பிறகு காட்கோபர் பக்கம் ஜினி தோசை வந்தது. ஷெஸ்வான் சாஸும் சீஸும் போட்டுச் சுருட்டி, துண்டாக வெட்டி, நிற்க வைத்துக் கொடுக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்திலிருந்து 1990இல் 17 வயதில் இங்கே வந்த பிரேம் கணபதி, வாஷி ஸ்டேஷன் எதிரே வண்டி போட்டவர். தோசைக்குள் சீனச் சாப்பாட்டை வைத்துத்தான் தோசா பிளாசா கடைகளை எழுப்பினார். அன்றைக்கும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

நீ தோசைமேல் ஏற்றுகிற அந்த பீட்சாவுக்கும் இதே வழக்குதான். அன்னாசிப்பழம் போட்ட ஹவாய் பீட்சா ஹவாயில் பிறந்தது இல்லை. 1962இல் கனடாவில் சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்க வம்சாவளிக்காரர் போட்டுப் பார்த்தது. முடிந்தால் தடையே போட்டுவிடுவேன் என்று 2017இல் ஐஸ்லாந்தின் ஜனாதிபதி சொல்ல, உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. அதே 2017இல் யுனெஸ்கோ நேப்பிள்ஸ் நகரத்து பீட்சாவுக்கு ஒரு மரியாதை செய்தது. பட்டியலில் அவர்கள் சேர்த்தது பீட்சா என்ற பண்டத்தை இல்லை தம்பி, அதைச் செய்கிறவனின் கலையை. மாவு பிசைவது, தட்டி விரிப்பது, விறகடுப்பில் சுடுவது என்று கையிலிருந்து கைக்கு வந்த வேலையைத்தான் காப்பாற்ற வேண்டிய சொத்து என்றார்கள். நம் தொழிலிலும் இதற்குப் பெயர் உண்டு, கைப்பக்குவம்.

இப்போது உன் தோசைக்கு வருகிறேன். போன மாதம் உன்னிடம் சொல்லாமல் வந்து சாப்பிட்டேன். சீஸை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்த தோசையை மட்டும் பிய்த்து வாயில் போட்டேன். புளிப்பு இல்லை. உளுந்து வாசனை இல்லை. பாரம் தாங்கட்டும் என்று உளுந்தைக் குறைத்து மைதா சேர்த்திருக்கிறாய். நடுவில் வெளுத்து, நசநசவென்று இருந்தது. அந்தப் பெரியவரின் நாக்கு பொய் சொல்லவில்லை. குறை மாவில் இருந்தது, அவர் பழியைச் சீஸ் மேல் போட்டார். அவ்வளவுதான் பிழை. பிள்ளைகள் நிற்கிற வரிசையும் பொய் இல்லை. ஆனால் அது சீஸுக்கு நிற்கிற வரிசை. பக்கத்து வண்டிக்காரன் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் துருவிப் போட்டால் அந்த வரிசை அங்கே போய்விடும்.

அதனால் சீஸை விட வேண்டாம், மாவைச் சரிசெய். மைதாவை நிறுத்து. மிக்ஸியில் அரைக்காதே, அதன் சூட்டில் உளுந்து பொங்காது. கிரைண்டரில் குளிர்ந்த தண்ணீர் தெளித்து ஆட்டு. ஜனவரி ராத்திரியில் மாவு புளிக்க அதிக நேரம் கேட்கும், மே மாதம் அசந்தால் பொங்கி வழியும். கடிகாரத்தை நம்பாமல் மாவை முகர்ந்து பார். குடைமிளகாயும் தக்காளியும் தண்ணீர் விடும். பச்சையாகப் போட்டால் அந்த ஆவியில் தோசை வெந்து துவண்டுபோகும். அவற்றைக் கல்லின் ஓரத்தில் தனியாக வதக்கித் தண்ணீர் சுண்டவிடு. தோசை அடியில் சிவந்து, ஓரம் கல்லை விட்டு எழும்பிய பிறகுதான் காய், கடைசியாகச் சீஸ். சீஸிலேயே உப்பு இருக்கிறது, காய்க்கு உப்பைக் குறை. பாமாயிலில் செய்த போலிச் சீஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதே. சீஸ் என்று எழுதி வைத்தால் சீஸ்தான் போட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது என் தப்பு. நான் புதிதாகக் கல்லுக்கு வந்த சமயம் ஒரு ஜெயின் அம்மா வந்து, வெங்காயம், கிழங்கு இல்லாமல் வாழைக்காய் மசாலா தோசை கேட்டார். வாழைக்காயைத் தனியாகவே செய்து வைத்திருந்தோம். நான் பழக்க தோஷத்தில் பாதி வெங்காயத்தை எடுத்துக் கல்லைத் தேய்த்து மாவை ஊற்றிவிட்டேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காசை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அவர் கேட்டது ஊரில் நாம் அறியாத தோசைதான். ஆனால் அவருடைய விரதத்தை மதித்து உண்டான தோசை அது. அந்த மதிப்பை என் கை மறந்தது. அன்றிலிருந்து இப்படிக் கேட்பவர்களுக்காகக் கல்லைத் துடைக்க ஈரத்துணி ஒன்று தனியாக வைத்துக்கொண்டேன். யாரும் கேட்காத தோசையை உண்டாக்குவது பெரிய காரியம் இல்லை. கேட்டவர் நம்பிக் கேட்டதை அப்படியே கொடுப்பதுதான் பெரிய காரியம்.

கடைசியாக ஒரு பழக்கம் சொல்கிறேன், தவறாமல் செய். தினமும் கல் காய்ந்ததும் முதல் தோசையைக் கல் பழகட்டும் என்று ஊற்றித் தூக்கி எறிகிறோம். எறியாதே. வெண்ணெய் வேண்டாம், பொடி வேண்டாம், சட்னிகூட வேண்டாம். வெறுமையாக ஊற்றி, வண்டிக்குப் பின்னால் நின்று நீயே சாப்பிடு. அது ருசித்தால் அதன் மேல் சீஸ் போடு, சீனச் சாப்பாடு போடு, உன் மனசுக்கு எது தோன்றுகிறதோ போடு. எவர் கேட்டாலும் தோசை என்று தலைநிமிர்ந்து சொல். ருசிக்கவில்லை என்றால் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய் மாவைப் பார்.

அந்தப் பெரியவர் மறுபடியும் வருவார், அந்த வழியாகத்தானே நடக்கிறார். வந்தால் காசு வாங்காமல் ஒரு சாதா தோசை கொடு. எதிர்ப்பேச்சு வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்