நரம்பும் அதன் உறையும்

வீட்டில் மின்கம்பியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே செம்புக் கம்பி இருக்கும். மேலே ஓர் உறை இருக்கும். உறை கெட்டால் என்ன ஆகும்? மின்சாரம் ஒழுங்காகப் போகாது. விளக்கு மினுக்கும். சில நேரம் அணைந்தே போகும்.

நம் உடம்பிலும் கம்பிகள் உண்டு. அவைதான் நரம்புகள். 'நட' என்று மூளை சொல்கிறது. அந்தச் செய்தி முதுகுத் தண்டு வழியாகக் காலுக்குப் போகிறது. காலில் முள் குத்துகிறது. அந்தச் செய்தி மூளைக்கு வருகிறது. நரம்புக்கும் கொழுப்பால் ஆன உறை உண்டு.

மூளையிலும் முதுகுத் தண்டிலும் இந்த உறை அங்கங்கே கெடுவது ஒரு நோய். அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள்.

ஏன் வருகிறது?

கிருமிகளை எதிர்க்க நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படை வழி தவறுகிறது. சொந்த நரம்பின் உறையையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்வது போல.

இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. பெரும்பாலும் 20 வயது முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

அறிகுறிகள் என்ன?

- ஒரு கண்ணில் வலி, பார்வை மங்கல்
- கை அல்லது கால் மரத்துப்போதல்
- கால் தளர்தல், நடையில் தள்ளாட்டம்
- சிறுநீரை அடக்க முடியாமை
- ஓய்வு எடுத்தாலும் தீராத சோர்வு

இவை வேறு நோய்களிலும் வரலாம். மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

வந்து போகும், ஏமாறாதீர்கள்

ஒரு பெண்ணுக்கு வயது 24. திடீரென ஒரு கண் மங்கியது. வீட்டார் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஆறு வாரத்தில் பார்வை திரும்பியது. கயிறுதான் காப்பாற்றியது என்று நம்பினார்கள். அடுத்த ஆண்டு கால் மரத்தது. அதுவும் தானே சரியாயிற்று. மூன்றாம் முறை நடை தளர்ந்தது. அது முழுவதும் திரும்பவில்லை.

பலருக்கு இந்த நோய் முதலில் இப்படித்தான் வந்து போகும். நரம்பில் உள்ள வீக்கம் வடியும். செய்தி மறுபடி ஓடும். ஆனால் உள்ளே தழும்பு நின்றுவிடும். கயிறு கட்டாவிட்டாலும் அந்தப் பார்வை திரும்பியிருக்கும். முதல் முறையே மருத்துவரிடம் போயிருந்தால் நடையைக் காக்க வழி இருந்திருக்கும்.

நடிப்பு அல்ல

அந்தப் பெண்ணின் மாமியார் செவிலியரிடம் கேட்டார்:

"காலையில் நன்றாகத்தான் இருக்கிறாள், சிஸ்டர். மதியம் ஆனால் படுத்துவிடுகிறாள். வேலைக்குப் பயந்து நடிக்கிறாளோ?"

"நடிப்பு இல்லை அம்மா. உறை கெட்ட கம்பியில் விளக்கு ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் அணையும். வெயிலும் அடுப்புச் சூடும் சோர்வைக் கூட்டும். உடம்பு குளிர்ந்தால் கொஞ்சம் தேறுவாள்."

"அப்படியா! இது தெரியாமல் எவ்வளவு ஏசிவிட்டேன். இனி அடுப்படி என் பொறுப்பு. அவள் உட்கார்ந்து காய் நறுக்கட்டும்."

சிகிச்சை என்ன?

நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் உறை கெட்ட இடங்கள் தெரியும். நோய் திடீரெனத் தாக்கும்போது ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். அடுத்த தாக்குதல்களைக் குறைக்க வேறு மருந்துகள் உண்டு. நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அதனால், உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்தக் கூடாது.

மருந்தின் விலை அதிகம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உதவி உண்டா என்று கேளுங்கள்.

அன்றாட வாழ்வில்

- கடினமான வேலையைக் காலைக் குளிர்ச்சியில் முடியுங்கள்.
- வெயில் நேரத்தில் ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள்.
- இயன்ற அளவு தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்.
- பீடி, சிகரெட் வேண்டாம். அவை நோயை முற்றச் செய்யும்.
- இந்த நோய் உள்ளவர்கள் திருமணம் செய்யலாம், குழந்தை பெறலாம். கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. எம்.எஸ். நோயும் அவற்றில் ஒன்று. மருத்துவர் சோதித்துச் சான்றிதழ் தருவார். பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பல சலுகைகள் கேட்கலாம்.

இந்த நோயாளிகளுக்கு உதவ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்ற சங்கம் 1985இல் தொடங்கப்பட்டது. மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் அதன் கிளைகள் உள்ளன.

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. எம்.எஸ். நோயில் நரம்பின் ________ கெடுகிறது.
2. உடம்பு தேறியதும் ________ நிறுத்தக் கூடாது.

கலந்து பேசுவோம்

1. அந்தப் பெண்ணின் பார்வை எதனால் திரும்பியது?
2. வெளியே தெரியாத நோய் உள்ளவர்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்களா? அவர்களை நாம் எப்படிப் பேசுகிறோம்?