இடது காலால் ஆடிப் பார்

தார்நாகா,
ஐதராபாத்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்த சந்தோஷம் முதல் பத்தியோடு முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் கவலை. பிள்ளைகளுக்குத் தத்துவத்தில் ஆர்வமில்லை, மேசைக்கு அடியில் ஐபிஎல் ஸ்கோர் பார்க்கிறார்கள், வாயைத் திறந்தால் சினிமாதான் என்று எழுதியிருக்கிறாய். பாடத்துக்கு நடுவே நாலு கிரிக்கெட் உதாரணமும் ஒன்றிரண்டு சினிமாக் காட்சியும் சேர்த்துக்கொண்டால் கவனிப்பார்களா என்றும் கேட்டிருக்கிறாய்.

அப்படிச் சேர்க்காதே, கண்ணு. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் பிள்ளை தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடும். அதுகூடப் பரவாயில்லை. அவர்கள் உயிராக நினைக்கும் ஒன்றை அத்தனை லேசாக நினைக்கிறாய் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோகும். அப்புறம் நீ எதைச் சொன்னாலும் எடுபடாது. ஆட்டத்தையோ படத்தையோ எடுப்பதானால் அதையே பாடமாக எடு. ஒரு மணி நேரம் முழுசாக எடு. கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது, நீ வெளியிலிருந்து கொண்டுபோய்ப் போட வேண்டாம்.

நம் அஸ்வினையே பார். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் பஞ்சாப் அணிக்குத் தலைவராக ஆடியபோது, பந்து கையை விட்டுப் போவதற்குள் கோட்டைத் தாண்டி நகர்ந்த ஜாஸ் பட்லரை, பெயில்ஸைத் தட்டி ரன் அவுட் ஆக்கினார். விதிப்படி அவுட். ஆனாலும் கிரிக்கெட் உலகம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 1947 டிசம்பரில் சிட்னியில் வினு மன்கட் பில் பிரவுனை இப்படித்தான் அவுட் ஆக்கினார். அன்றைக்கு எதிரணித் தலைவராக இருந்த பிராட்மேனே மன்கட் செய்ததில் தப்பில்லை என்று பிற்பாடு எழுதினார். அப்படியும் அந்த மனிதரின் பெயர் எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு வசவுச் சொல்லாகவே புழங்கியது. 2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் தீப்தி சர்மா சார்லி டீனை அவுட் ஆக்கியபோதும் அதே கூச்சல். அந்த அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம், இந்த அவுட்டை நேர்மையற்ற ஆட்டத்தைப் பற்றிய 41ஆம் விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட்டைப் பற்றிய 38ஆம் விதியில் கொண்டுபோய் வைத்தது.

இதை வகுப்பில் போட்டுவிட்டுச் சும்மா இரு. விதி இடம் கொடுப்பதெல்லாம் நியாயமாகிவிடுமா? எழுதாத விதி ஒன்று இருக்கிறது என்கிறார்களே, அது யார் கூடி முடிவு செய்தது, யாருக்குச் சாதகமானது? முன்கூட்டியே நகர்ந்து ஓட்டத்தைத் திருடுகிறவர் மேல் வராத கோபம், அதைத் தடுத்தவர் மேல் ஏன் வருகிறது? செய்கை அப்படியே இருக்க, அது எழுதப்பட்டிருக்கும் எண் மட்டும் 41லிருந்து 38 ஆனால் அதன் நியாயம் மாறுமா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் ஒரு வாரம் பேசலாம். சட்டம் படிக்கப் போகிற பிள்ளை ஒன்று உன் வகுப்பில் இருந்தால் அதன் ஆயுசுக்கும் உதவும்.

இங்கேதான் நம் ஆசிரியர்கள் அவசரப்படுகிறார்கள். ஒரு பையன் எழுந்து, எல்லாரும்தான் நகர்கிறார்கள், இதில் என்ன தப்பு என்பான். உடனே தத்துவஞானி காண்டின் பெயரைப் பலகையில் எழுதத் தோன்றும். எழுதாதே. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா என்று அவனைக் கேட்கட்டும். அவன் திணறட்டும், வேறு வழியில் வரட்டும். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அது பரீட்சைக்கான விடையாகிவிடும், பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பிப்பார்கள். பெயர் கடைசியில் வந்தால் போதும். பேச்சு ரசிகர் சண்டையாகத் திரும்பினால் மட்டும் குறுக்கிடு. உண்மையைத் தேடிப் பேசுவது வாதம், ஜெயிப்பதற்காகவே பேசுவது ஜல்பம், தனக்கென ஒரு கட்சியும் இல்லாமல் எதிராளியை உடைப்பது மட்டும் விதண்டை என்று நியாய சூத்திரம் பிரித்து வைத்திருக்கிறது. இந்த மூன்றையும் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடு. தாங்கள் எதில் இருக்கிறோம் என்று அவர்களே ஒருவரையொருவர் பிடிப்பார்கள்.

தார்நாகாவில் இருந்துகொண்டு ஆசிரியத் தொழிலைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது சையத் அப்துல் ரஹீம்தான். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, இந்த ஊரில் பள்ளி வாத்தியாராக இருந்து, பிறகு கால்பந்து சொல்லிக்கொடுத்தவர். அவர் பயிற்சி கொடுத்த ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் பயிற்சி கொடுத்த இந்திய அணியில் பலர் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். அதே ரஹீமின் அணிதான் நாலே வருஷத்தில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று வென்று அரையிறுதிக்குப் போனது. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். அந்த அணியில் முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராம் இங்கே செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2023 பிப்ரவரியில் காலமானார். இறுதியாட்டத்தில் கோல் காத்த பீட்டர் தங்கராஜும் ஐதராபாத்தில் பிறந்தவர்தான். நம் ஆட்களின் பெயர் இப்படி எங்கேயோ ஒட்டிக்கொண்டிருப்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

ரஹீமின் கற்பிக்கும் முறைதான் உனக்கு வேண்டியது. அவர் போட்டிகள் நடத்துவாராம்: பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடவே கூடாது, வந்ததும் தட்டிவிட வேண்டும். இன்னொன்றில், பழகாத காலால் மட்டும்தான் உதைக்கலாம். வலது கால்காரனுக்கு இடது கால்தான். எத்தனை பெரிய கெட்டிக்காரனும் அங்கே முதல் நாள் பிள்ளையாகிவிடுவான். தன் பலம் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரியும். பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவ ஆசிரியர் 1978இல் எழுதிய புத்தகத்தில், சுலபமான வழி கண்முன் இருக்க, அதை வேண்டாமென்று ஒதுக்கும் விதிகளை மனமாரச் சுமப்பதுதான் விளையாட்டு என்று வாதிடுகிறார். கோல்ஃப் பந்தைக் கையாலேயே குழியில் போட்டுவிடலாம், யாரும் போடுவதில்லை. ரஹீம் ஏற்கெனவே இருக்கும் விதிக்கு மேல் இன்னொரு விதியைப் போட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு விதி பல வருஷப் பழக்கத்தை அசைத்தது.

நீயும் இதைச் செய்யலாம். அஸ்வின் செய்தது சரி என்று அடித்துப் பேசும் பையனிடம், அது தப்பு என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல். கேலியாக எழுதினால் திருப்பிக் கொடு. அந்தக் கட்சிக்காரர் ஒருவர் படித்து, நான் நினைப்பதை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டான் என்று ஒப்புக்கொள்ளும்வரை விடாதே. இது நமக்குப் புதுசும் இல்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முதலில் வைத்தார். உலகாயதம் தொடங்கி மற்றவர் மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுத்த பிறகுதான் சுபக்கத்தில் தன் சித்தாந்தத்தைச் சொன்னார். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய அந்த நூலை, பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதி முடித்த மறுநாள் திறந்து காட்டு. முன்கூட்டியே காட்டினால் பழைய நூல் என்று ஒதுக்குவார்கள். தாங்கள் பட்ட பாட்டை இன்னொருவர் முன்பே பட்டிருக்கிறார் என்று தெரிந்தபின் கிட்டே வருவார்கள்.

சினிமாவுக்கு வருகிறேன். ரஹீமைப் பற்றி 2024இல் இந்தியில் மைதான் என்று படம் வந்ததே, அஜய் தேவ்கன் நடித்து, ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தது. அதைப் பார்க்கச் சொல். ஜகார்த்தா வெற்றி நடந்தது. படத்தில் வரும் வில்லத்தனமான பத்திரிகைக்காரர் கற்பனை. உண்மையாக வாழ்ந்த மனிதருக்கு எதிரே கற்பனையாக ஒரு கெட்டவரை நிறுத்தினால் அந்த மனிதரின் உண்மை குறைகிறதா, கூடுகிறதா? இறந்தவருக்குப் படமெடுப்பவர் என்ன கடன்பட்டிருக்கிறார்?

அதைவிடக் கனமான கேள்வியும் அதே கதையில் இருக்கிறது. ஜகார்த்தாப் போட்டியில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. தடுப்பாட்டக்காரரான அவரை ரஹீம் முன்னால் நிறுத்தினார். ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராகவும் கட்டுப்போட்ட தலையோடு கோல் போட்டார். ரஹீமுக்கோ புற்றுநோய், 1963 ஜூனில் இறந்துபோனார். காயம்பட்டவரை இறக்கியது சரியா? ஜெயித்ததால் நாம் சரி என்கிறோமா? தோற்றிருந்தால்? அவரே ஆட ஆசைப்பட்டிருந்தால் அந்தச் சம்மதம் போதுமா? என் மனசு ரஹீமின் மேல் எவ்வளவு மரியாதை வைத்திருந்தாலும், இதில் அவர் செய்தது சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உன் பிள்ளைகளிடம் உன் நிலையையும் மறைக்காமல் சொல். ஆனால் கடைசியில் சொல்.

நாயகன் படத்தை எப்படி எடுப்பது என்பதை நீயே பார்த்துக்கொள்வாய். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும் கேள்விக்கு வேலு நாயக்கர் ஏன் நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்பதை விட்டுவிட்டு, தளபதி பெரிய படமா நாயகன் பெரிய படமா என்று பேச்சு போய்விடாமல் பார்.

இன்னொன்று. சாயங்காலம் கல்லூரி மைதானத்துக்குப் போ. நான் உஸ்மானியா வளாகத்தில் நடக்கப் போகும்போதெல்லாம் பையன்கள் ஆடுவதை நின்று பார்ப்பேன். அவுட்டா இல்லையா என்று அவர்கள் போடும் சண்டையைக் கவனி. நடுவர் இல்லாமல், பந்து யாருடையதோ அவன் சொன்னபடிக்கும் விடாமல், சாட்சி கேட்டு, போன வாரம் நீ என்ன சொன்னாய் என்று முன்னுதாரணம் காட்டி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து ஆட்டத்தைத் தொடர்வார்கள். பிளேட்டோவின் அகாடமி உடற்பயிற்சி மைதானம் இருந்த தோப்பில்தான் நடந்தது. அரிஸ்டாட்டில் பாடம் சொன்ன லைசியமும் அப்படி ஓர் இடம்தான். இளைஞர்கள் மல்யுத்தம் பழகிய இடத்தைத் தேடித் தத்துவம்தான் போயிருக்கிறது. மேசைக்கு அடியில் ஸ்கோர் பார்க்கிற பையனிடம் சாயங்காலம் ஒரு சந்தேகம் கேள். எல்பிடபிள்யூ எப்படி முடிவு செய்கிறார்கள் என்று உனக்கு நிஜமாகவே தெரியாதே, அதையே கேள். அவன் எத்தனை நிபந்தனைகளை வரிசை பிசகாமல் சொல்கிறான் என்று பார். அவனுக்குத் தர்க்கம் வராது என்று அப்புறம் எனக்கு எழுதமாட்டாய்.

தசராவுக்கு வருகிறாய் என்று உன் அப்பா சொன்னான். பிள்ளைகள் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரைகளில் உனக்குச் சரியாக மதிப்பெண் போட முடியாமல் தவித்தவற்றை எடுத்து வா. ரஹீம் போட்ட அந்த இடது கால் விதியை அவற்றில் எவை ஏமாற்றியிருக்கின்றன என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அத்தை