நெய்வார் கண்ணும் ஓவியர் கண்ணும்

காஞ்சியிற் பிள்ளையார்பாளையத்துத் தறியொன்றின் அருகே நின்று, மயிற்கழுத்து நிறச் சேலை வளர்வதைக் காண்போர், அந்நிறம் எந்த நூலில் உளது என வினவின் விடை காணார். பாவில் நீலம், ஊடையிற் பச்சை. மயிற்கழுத்து இரண்டினும் இல்லை. சேலையை எட்டவைத்து நோக்கின் அது தோன்றும். நூலருகே கண்ணைக் கொண்டுசெல்ல மறையும். இதனை அறிந்த நம்மூர் மாணவர்க்கு, யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட ஓவியம் அயலானதன்று.

அது கமில் பிஸ்ஸாரோ 1873-ஆம் ஆண்டில் தீட்டிய 'உறைபனி' என்பது. பாரிஸ் நகரத்து ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் அச்சுப்படியைக் கண்ட மாணவர் சிலர், "முடிவுறாத படம்" என்று நகைத்தனர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பானேன்?

பொருள் மிக எளியது. பொந்துவாஸ் என்னும் ஊர்ப்புறத்து உழுத வயல். வெண்பனி படிந்த படைச்சால்கள். சுள்ளிக்கட்டை முதுகிற் சுமந்து கோலூன்றிச் செல்லும் ஒரு கிழவன். அரசரும் இல்லை, தேவரும் இல்லை. சால்களின் குறுக்கே நீண்ட நீல நிழல்கள் கிடக்கின்றன. அந்நிழலுக்குரிய மரங்களோ படத்தில் இல்லை.

1874-ஆம் ஆண்டு ஏப்ரலில் மோனே முதலிய நண்பரோடு பிஸ்ஸாரோ இதனைப் பாரிஸிற் காட்சிக்கு வைத்தார். லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர், வண்ணத்தட்டிற் சுரண்டியதை அழுக்குத் துணியில் அப்பியதாக எள்ளினார். 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயரும் அவர் கட்டுரையின் கேலியாற் பரவியதே. அக்குழுவினரிடம் பரிவுடைய காஸ்தஞாரி என்பாரும், படத்திற்குப் புறத்தே நிற்கும் மரங்களின் நிழலைத் தீட்டியது பிழை என்றார். எமக்கோ அதுவே இப்படத்தின் உயிர் எனத் தோன்றுகின்றது. மார்கழிக் காலையில் ஏரிக்கரை வழியே செல்வார், பனையை நிமிர்ந்து நோக்குமுன் அதன் நிழலையன்றோ மிதிக்கின்றனர்?

நிழல் ஏன் நீலம்? கதிரொளி மறைந்தவிடத்தும் வானத்தின் நீலவொளி வீழ்கின்றது. அன்றியும், மஞ்சள் வெயிலின் அருகே கிடத்தலால் அந்நீலம் மிகுதியாகத் தோன்றும். இவ்வுண்மையை விரித்துரைத்தவர் ஓவியரல்லர். கொபிலான் நெசவுச்சாலையின் சாயத்தலைவராயிருந்த ஷெவ்ரோல் என்னும் வேதிநூலறிஞர். அங்கே கறுப்புச் சாயம் வலுவற்றது என்று குறைகூறினர். அவர் ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அருகிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். 1839-இல் அவர் வெளியிட்ட நூல் பின்வந்த ஓவியர் பலர்க்கு வழிகாட்டிற்று. தறியிற் பிறந்த ஐயம் வயலோவியத்திற்கு விளக்காயிற்று!

எனினும், இவ்வோவியர் அனைவரும் தூய நிறங்களையே புள்ளி புள்ளியாக வைத்தனர் எனப் பாடநூல்கள் சில கூறுவது மிகை. அம்முறையை 1880-களிற் கண்டவர் சோரா. பிஸ்ஸாரோவும் அதனைச் சில ஆண்டு மேற்கொண்டு, கை கட்டுண்டது போலாகிக் கைவிட்டார். 'உறைபனி'யிற் கோடுகள் தடித்தும் மெலிந்தும், பனியின் வெண்மையில் மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்பும் விரவியும் கிடக்கின்றன. நெசவிற்குரிய ஒழுங்கு அங்கில்லை.

அச்சுப்படியைச் சுவரிற் சாத்தி, முதலில் ஒரு முழத் தொலைவிலும், பின் ஐந்தாறடி விலகியும் நோக்குமின். அருகில் வெறும் வண்ணக்கீற்றாக இருந்த இடத்தே கிழவனுடைய முதுகு வளைவும், காலடியில் நொறுங்கும் பனியும் தோன்றும்.